பேரழிவுப் புதினங்களும் ஒரு குழந்தையின் உயிரும்

அறிவியற் புனைகதை என்றவுடன் அது இளைஞரின் பொழுதுபோக்கு என்றும், இறையியல் பயில்வோர்க்கு அதனால் ஆகும் பயன் ஒன்றுமில்லை என்றும் கருதுவோர் நம்மிடையே பலர். அவ்வகை நூல்களுள் பெரும்பாலானவற்றைப் பொறுத்தமட்டில் இக்கருத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் உலகப் பேரழிவிற்குப் பின் எஞ்சியோரின் வாழ்வைச் சித்திரிக்கும் புதினங்களுள் சில, ஆயர் ஒருவர் நோயாளியின் படுக்கையருகே நின்று தடுமாறும் அதே கேள்வியை எழுப்புகின்றன. எழுப்பியபின் நம்மை எளிதில் விடுவதுமில்லை. அத்தகைய மூன்று நூல்களை இங்கு ஆராய விழைகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலம் பேசுவோர் இந்நூல்களை 'அப்போகலிப்ஸ்' என்னும் சொல்லோடு இணைத்துக் குறிக்கின்றனர். அச்சொல் இன்று அவர்களிடையே பேரழிவு என்ற பொருளையே பெரிதும் தருகிறது. அதன் கிரேக்க மூலமோ மூடியதைத் திறந்து காட்டுதல் என்று பொருள்படும். திருமறையின் இறுதி நூலை 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றழைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் இம்மூலப்பொருளை இழக்கவில்லை. பத்மு தீவில் யோவானுக்குக் காட்டப்பட்டது அழிவு மாத்திரமன்று. அழிவினூடே அரியணையில் வீற்றிருப்பவர் யார் என்பதும் காட்டப்பட்டது. இன்றைய பேரழிவுப் புதினங்களில் நகரங்கள் வீழ்கின்றன, வானமோ திறப்பதில்லை. எனினும் ஒன்று அவற்றில் வெளிப்படவே செய்கிறது. அரசும் சட்டமும் அயலாரின் கண்ணும் அகன்றபின், அல்லது அகலும் தறுவாயில், மனிதன் எதைச் செய்யத் துணிவான், எதைச் செய்ய அவனால் இயலாது என்பதே அது.

இவ்வகை இலக்கியம் அணுகுண்டோடு தோன்றியதன்று. 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி அம்மையார் 1826இல் 'கடைசி மனிதன்' என்னும் புதினத்தை வெளியிட்டார். இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கொள்ளைநோய் மானிடத்தை அழிக்கிறது. எஞ்சிய ஒருவன் ரோமாபுரியின் இடிபாடுகளிடையே தன் கதையை எழுதி வைக்கிறான். கொள்ளைநோய்க்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது? கடவுளிடமே முறையிட வேண்டும். ஆனால் 1945 ஆகஸ்டு மாதத்தில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தபின் முறையீட்டின் திசை மாறியது. அழிவு மனிதனின் கையிலிருந்து வரக்கூடும் என்றானபோது, புதின ஆசிரியர்கள் "ஏன் இது எங்களுக்கு நேர்ந்தது?" என்பதைவிட, "இதற்குப்பின் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியது யாது?" என்று கேட்கலாயினர்.

நாம் எடுத்துக்கொண்ட மூன்று நூல்களிலும் அக்கேள்வி ஒரு குழந்தையின் வடிவில் வந்து நிற்கிறது. மூன்றிலும் பெற்றோர் ஒருவரின் கையில் ஒரு பிள்ளை உண்டு. அதன் எதிரே கொடிய சாவு நிற்கிறது. அச்சாவை முந்திக்கொண்டு, வலியற்ற வேறொரு சாவைப் பிள்ளைக்குத் தருவது அன்பாகுமா, கொலையாகுமா? நூல்கள் ஒன்றையொன்று மறுப்பதுபோல் விடை தருகின்றன. அவற்றை அடுத்தடுத்துப் படிப்பதன் பயன் அதிலேதான் உள்ளது.

நெவில் ஷூட் 1957இல் வெளியிட்ட 'கடற்கரையில்' என்னும் புதினம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைக் களமாகக் கொண்டது. வடகோளத்தில் நடந்த அணு ஆயுதப் போர் முடிந்துவிட்டது. அங்கு உயிர்கள் இல்லை. கதிரியக்கத் தூசு காற்றோடு மெல்லத் தெற்கே வந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில மாதங்களே உள்ளன என்று அனைவரும் அறிவர். ஷூட் விமானப் பொறியாளராய் இருந்தவர். பொறியாளரின் நிதானத்தோடு அவர் கதையை நடத்துகிறார்: மக்கள் தோட்டம் போடுகின்றனர், அலுவலகம் செல்கின்றனர், தட்டெழுத்துக் கற்கின்றனர். டவர்ஸ் என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தலைவர், இறந்துவிட்ட தம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசுப் பொருள்கள் வாங்குகிறார். இந்த அமைதிதான் நூலின் வலிமை. ஓலமும் கலகமும் நிறைந்த எந்தச் சித்திரிப்பும் இத்துணை அச்சம் தருவதில்லை.

முடிவு நெருங்குகையில் அரசு மக்களுக்கு மாத்திரைகளை இலவசமாக வழங்குகிறது. கடற்படை அதிகாரியான பீட்டர் ஹோம்ஸ், தாம் கடலில் இருக்கும்போது நோய் வந்துவிட்டால் கைக்குழந்தை ஜெனிஃபருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தம் மனைவி மேரிக்கு விளக்க முற்படுகிறார். மேரி கொதித்தெழுகிறாள், பெற்ற குழந்தையைக் கொல்லச் சொல்கிறாயா என்று கணவனைப் பகைவனைப்போல் நோக்குகிறாள். நூல் முழுவதிலும் தார்மீகக் கோபம் உண்மையாக எழும் இடம் இதுவே. ஆனால் அக்கோபம் நிலைப்பதில்லை. இறுதியில் நோய் வீட்டிற்குள் வரும்போது பீட்டர் அதைச் செய்கிறார், மேரி இசைகிறாள். வாசகரும் இசைந்துவிடுகின்றனர் என்பதை மறைப்பதில் பொருளில்லை. வேறு வழியே தெரியாத அளவிற்கு ஆசிரியர் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டார்.

இங்கு ஆயர் ஒருவர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. டவர்ஸ் ஆலயத்திற்குச் செல்கிறார். ஆனால் அங்குப் போதகர் கூறியது எதுவும் நம் செவியில் தங்குவதில்லை. தாம் செப்டம்பரில் வீடு திரும்புவோம் என்று எண்ணியபடியே அவர் அமர்ந்திருக்கிறார். உலகமே சாவுக்குக் காத்திருக்கும் நாட்டில் திருச்சபை ஆராதனை நடத்துகிறது. மேரியின் வீட்டு வாசலுக்கு மட்டும் எவரும் வருவதில்லை. அரசு மாத்திரை கொடுத்தது, மருந்துக்கடைக்காரர் அதன் முறையைச் சொன்னார், திருச்சபை ஒன்றுமே சொல்லவில்லை. ஷூட் இதைக் குறையாகக் காட்ட எண்ணியிருக்க மாட்டார். திருச்சபையிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதே நமக்கு உறைக்க வேண்டும்.

இரண்டாவது நூலில் திருச்சபை மிகுதியாகவே பேசுகிறது. வால்ட்டர் எம். மில்லர் என்னும் அமெரிக்கரின் 'லீபோவிட்ஸிற்கு ஒரு துதிப்பாடல்' 1959இல் நூலுருப் பெற்று, 1961இல் ஹியூகோ விருது பெற்றது. இரண்டாம் உலகப்போரில் மில்லர் விமானப் படையில் பணியாற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சுப் பயணங்களில் பங்கு கொண்டவர். 1944 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் மோன்டே கஸினோ மடத்தைத் தகர்த்த தாக்குதலிலும் அவர் இருந்தார். புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் நிறுவிய மடம் அது. ஏடுகள் முன்கூட்டியே ரோமாபுரிக்கு அகற்றப்பட்டுவிட்டன. அங்குத் தஞ்சம் புகுந்திருந்த மக்களுள் பலரோ மாண்டனர். போருக்குப் பின் 1947இல் மில்லர் கத்தோலிக்கரானார். மடம் ஒன்றைத் தகர்க்கச் சென்றவர், அழிவிற்குப் பின்னும் ஏடு காக்கும் மடம் ஒன்றைக் கற்பனையில் கட்டினார்.

நூலின் முதலிரு பகுதிகளை நாம் விரைந்து கடக்கலாம். அணுப்போருக்குப் பின் மக்கள் கற்றோரைக் கொன்று நூல்களை எரிக்கின்றனர். லீபோவிட்ஸ் என்னும் பொறியாளர் துறவியாகி, எஞ்சிய ஏடுகளைக் காக்க ஒரு சபையை நிறுவிக் கொல்லப்படுகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, பிரான்சிஸ் என்னும் எளிய துறவி பாலைவனத்தில் அவருடைய கைப்பட்ட மின்சுற்று வரைபடம் ஒன்றையும், கடையில் வாங்க வேண்டிய தின்பண்டங்களின் பட்டியல் ஒன்றையும் கண்டெடுத்து, இரண்டையும் ஒரே பக்தியோடு போற்றுகிறார். வரைபடத்தின் பொருள் அறியாமலேயே பதினைந்து ஆண்டுகள் உழைத்துப் பொன்னும் வண்ணமும் தீட்டி அதற்கு ஒரு படி எடுக்கிறார். நகைச்சுவையும் கண்ணீரும் கலந்த பகுதி இது. பொருள் விளங்காததைப் பொன் எழுத்தில் படியெடுக்கும் வழக்கம் துறவு மடங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை இறையியற் கல்லூரித் தேர்வுத்தாள் திருத்துவோர் அறிவர். முற்றுகையிடப்பட்ட எருசலேமில் நிலம் வாங்கி, கிரயப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துக் காக்கும்படி பாருக்கிடம் கொடுத்த எரேமியாவை (எரேமியா 32) இப்பகுதியோடு ஒப்பிட்டு யாரேனும் தனிக்கட்டுரை எழுதலாம்.

நமக்கு வேண்டியது மூன்றாம் பகுதி. ஆண்டு 3781. மடம் காத்த அறிவு மீண்டும் உலகை ஒளிபெறச் செய்து, மீண்டும் அணு ஆயுதத்தையும் பெற்றுத் தந்துவிட்டது. குண்டுகள் விழத் தொடங்குகின்றன. கதிர்வீச்சால் மீளமுடியாத அளவு தாக்கப்பட்டோர் விரும்பினால் அவர்களுக்கு வலியற்ற சாவைத் தர அரசு சட்டப்படி முகாம்கள் அமைத்திருக்கிறது. மடத்தலைவர் செர்க்கி, மருத்துவர் கோர்ஸ் என்பவரை மடத்து முற்றத்தில் நோயாளிகளைச் சோதிக்க அனுமதிக்கிறார். ஆனால் எவருக்கும் அம்முகாமைப் பரிந்துரைக்கக்கூடாது என்று வாக்குறுதி கேட்கிறார். தீக்காயமும் கதிர்வீச்சும் பட்ட ஒரு தாயையும் அவள் பிள்ளையையும் கண்டபின் மருத்துவரால் அவ்வாக்கைக் காக்க இயலவில்லை. அதை அவரே மடத்தலைவரிடம் வந்து சொல்கிறார். கயவராக அவரை மில்லர் படைக்கவில்லை. தாம் போராடக்கூடிய தீமை வலி ஒன்றே என்று நம்பும் நேர்மையான மருத்துவர் அவர்.

பின்பு மடத்தலைவர் அத்தாயையும் பிள்ளையையும் தம் வண்டியில் ஏற்றிச் செல்கிறார். வழியில் அவளிடம் வாதாடுகிறார், கெஞ்சுகிறார், முடிவில் கடவுளின் பெயரால் கட்டளையிடுகிறார். முகாமின் அருகே காவலர் தலையிட்டு அவளுடைய விருப்பத்தைக் கேட்கின்றனர். அவள் இறங்கிச் செல்கிறாள். செர்க்கி தம் நிலையிழந்து மருத்துவரின் முகத்தில் அறைகிறார்.

இக்காட்சியைப் பற்றி நாம் என்ன சொல்வது? செர்க்கியின் கோட்பாட்டில் பிழை காண்பது எளிதன்று. உயிர் நமக்கு உடைமையாகத் தரப்பட்டதன்று என்பதை நம் மரபினரும் அறிக்கை செய்கிறோம். சாவைத் தருவதற்கு அரசு அலுவலகமும் படிவமும் வரிசையும் அமைக்கும் நாளில், அவ்வரிசையில் யார் யார் நிறுத்தப்படுவர் என்ற அவருடைய அச்சம் நியாயமானதே. நாசி ஜெர்மனி 1939 முதல் மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் கருணை என்ற பெயரால் கொன்ற வரலாற்றை மில்லரின் தலைமுறை மறந்திருக்க முடியாது. ஆயினும் அவ்வண்டியில் அமர்ந்திருக்கும் தாயின் காதில் இவை எப்படி ஒலித்திருக்கும்? அவள் மடியில் முனகும் பிள்ளைக்கு அரசின் வருங்காலப் போக்கு ஒரு பொருட்டன்று. செர்க்கி மெய்யானதைச் சொல்கிறார், ஆனால் மேலிருந்து சொல்கிறார். வலியைத் தாங்கு என்று அவர் கூறும்போது வலி அவருடையதாக இல்லை.

மில்லர் இதை உணராதவரல்லர். குண்டு விழுந்து ஆலயம் இடிகையில், நற்கருணைப் பாத்திரத்தைக் கையில் ஏந்திய செர்க்கி கற்குவியலின் கீழ் நசுங்கிக் கிடக்கிறார். தாயிடம் எதைக் கேட்டாரோ அதை இப்பொழுது அவரே செய்ய வேண்டும்: தப்பும் வழியின்றி வலியோடு கிடந்து, சாவு தானே வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் காத்திருக்கிறார். போதித்தவனின் உடலில் போதனை சோதிக்கப்படும் இப்பக்கங்கள் நூலின் சிகரம். இரட்டைத் தலை கொண்ட மூதாட்டியின் இரண்டாம் தலையான ராகேல் உறக்கம் நீங்கி, அவரிடம் ஞானஸ்நானம் பெற மறுத்து, அவருக்கே நற்கருணை அளிக்கும் காட்சி நம் மரபினர் சிலர்க்கு இடறலாயிருக்கலாம். கன்னி மரியாளைப் பற்றிய ரோமச் சபைக் கோட்பாட்டின் நிழல் அதில் உண்டு. ஆயினும் சாகும் குரு தம் அதிகாரத்தை இழந்து வெறுங்கையோடு பெற்றுக்கொள்பவராக மாறுவதை ஒரு புரொட்டஸ்டண்டு வாசகர் நன்றாகவே புரிந்துகொள்வார்.

என் மனக்குறை வேறிடத்தில் உள்ளது. மடத்தலைவருக்கு மில்லர் நீதி செய்துவிட்டார், தாய்க்குச் செய்யவில்லை. முகாமின் வாயிலுக்குள் சென்றபின் அவளைக் கதை நேரில் காட்டுவதேயில்லை. அவள் அழுதாளா, குழந்தையை யார் கையிற் கொடுத்தாள், கடைசியில் யாரை அழைத்தாள் என்பன நமக்குத் தெரியா. வாதத்திற்கு வேண்டிய அளவே அவள் தேவைப்பட்டாள். செர்க்கியின் வலியில் பொருள் காணும் நூல், அவளுடைய வலியைச் சாலையோரத்தில் விட்டுச் செல்கிறது. மில்லர் 1995இல் தம் மனைவியை இழந்தபின், 1996 ஜனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதைக் கொண்டு அவருடைய நூலை மறுக்க முயல்வோர் உண்டு. அது முறையன்று, அன்புமன்று. செர்க்கியின் வாதத்தின் உண்மை, அதை எழுதியவரின் துயரத்தால் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மூன்றாவது நூலில் கோட்பாடும் இல்லை, மடமும் இல்லை. கார்மக் மெக்கார்த்தி 2006இல் வெளியிட்டு 2007இல் புலிட்சர் பரிசு பெற்ற 'பாதை' என்னும் புதினத்தில், பேரழிவு எதனால் நேர்ந்தது என்பதுகூடச் சொல்லப்படவில்லை. சாம்பல் மூடிய நாட்டில் பெயரற்ற ஒரு தகப்பனும் மகனும் தெற்கு நோக்கி நடக்கின்றனர். மனிதர் மனிதரைத் தின்னும் காலம். எருசலேமின் முற்றுகையில் தாய்மார் செய்ததைப் புலம்பல் நூல் மறைக்காமற் கூறுவதை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதியதன்று. சிறுவனின் தாய் இத்தகைய வாழ்வை மறுத்து முன்னமே தன் சாவைத் தேடிக்கொண்டாள். தகப்பனிடம் ஒரு கைத்துப்பாக்கியும், கதையின் பெரும்பகுதியில் ஒரேயொரு தோட்டாவும் உண்டு. அது எதிரிக்கானதன்று. மகன் அக்கொடியோர் கையில் சிக்கும் நேரம் வந்தால், அதைத் தன்னால் செய்ய முடியுமா என்று தகப்பன் தன்னைத்தானே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறான். மோரியா மலையில் ஆபிரகாம் ஏறிய மூன்று நாள் பயணம் இங்கு மாதக்கணக்கில் நீள்கிறது. கட்டளையிட்ட குரலும் இல்லை, தடுக்கும் தூதனும் இல்லை.

நூலின் இறுதியில் சாகக் கிடப்பவன் தகப்பனே. தனித்து விடப்படும் மகனுக்கு என்ன நேரும் என்பதை அவன் நன்கறிவான். ஷூட்டின் பீட்டர் செய்ததைச் செய்ய அவனுக்கு எல்லா நியாயங்களும் உண்டு. அவனால் முடியவில்லை. இறந்த மகனைக் கையில் ஏந்தும் ஆற்றல் தனக்கு உண்டு என்று எண்ணியிருந்தேன், இல்லை என்கிறான். செர்க்கி கட்டளையால் பெற முயன்று தோற்றதை, இவனிடம் எவரும் கட்டளையிடாமலே காண்கிறோம். கோட்பாடு அவனைத் தடுக்கவில்லை; கூட நடந்த பாதை தடுத்தது. ஒரே போர்வையில் உறங்கி, கிடைத்ததைப் பகிர்ந்து, மகனின் கேள்விகளுக்கெல்லாம் விடை தேடியவன் அவன். பின்பு ஒரு குடும்பம் சிறுவனைச் சேர்த்துக்கொள்கிறது. இம்முடிவு திடீரென வந்த கிருபைபோல் உள்ளது என்று குறை கூறுவோர் உண்டு. கிருபை வேறெப்படி வரும் என்று அவர்கள் கருதுகின்றனரோ அறியேன்.

இம்மூன்றையும் வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும். பஞ்ச காலத்தில் சாறிபாத்தின் விதவை இரண்டு விறகு பொறுக்குகிறாள். கடைசி மாவைச் சுட்டு, மகனோடு உண்டு, பின்பு சாவதற்காக. பேரழிவுப் புதினத்தின் காட்சி இதுவேயன்றோ? நம் ஆலயங்களில் இப்பகுதி பெரும்பாலும் காணிக்கைப் பிரசங்கத்திற்கே பயன்படுகிறது. அவள் கொடுத்த அடையைப் பற்றியே பேசி, அவள் சாவுக்கு ஆயத்தமாயிருந்ததை விட்டுவிடுகிறோம். எலியா அவளுக்கு வாழ்வின் புனிதம் பற்றி விரிவுரை ஆற்றவில்லை. பயப்படாதே என்று சொல்லி, கடவுளின் வாக்கை அறிவித்து, அவளுடைய வீட்டிலேயே தங்கி, அதே பானையின் மாவை உண்கிறார். பின்பு அக்குழந்தை நோயுற்று மூச்சடங்குகிறது. தாய் எலியாவைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டுகிறாள். அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் சொல் ஒன்றும் கூறாமல் குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கித் தம் படுக்கையில் கிடத்துகிறார். அவரும் முறையிடுகிறார், ஆனால் தாயிடம் அன்று. இவளுக்கும் இத்தீங்கைச் செய்தீரோ என்று கடவுளிடமே கேட்கிறார்.

எலியாவின் குழந்தை எழுந்தது. மில்லரின் குழந்தை எழவில்லை. அத்தாய்க்கு, பானையில் மாக் குறையாது என்னும் வாக்குத்தத்தம் எதையும் செர்க்கியால் தர இயலாது, நம்மாலும் இயலாது. இது புதினத்தோடு நிற்கும் செய்தியுமன்று. 2018 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், மீளமுடியா நிலையிலுள்ள நோயாளருக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த நிபந்தனைகளுடன் இசைவளித்தது. சிகிச்சையை நிறுத்துவதும் சாவைக் கொடுப்பதும் ஒன்றல்ல; கோர்ஸின் முகாமை இத்தீர்ப்போடு குழப்பிப் பிரசங்கிப்பது தவறு. ஆயினும் படிவத்தில் கையொப்பமிடுமுன் மகனோ மகளோ ஆயரைத் தேடி வரும் நாள் வந்துவிட்டது. அப்பொழுது நாம் மேரியின் ஊரிலிருந்த போதகரைப்போல் காணப்படாதிருப்போமா, செர்க்கியைப்போல் கட்டளையிடுவோமா என்பது வெறுங்கற்பனையன்று.

இந்நூலை வகுப்பில் விவாதிக்க விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு வினாவைத் தருகிறேன். தாய் வண்டியிலிருந்து இறங்கி முகாமை நோக்கி நடந்தபோது, அவளைத் தடுக்க முடியாதென்று தெரிந்தபின், செர்க்கி அவளோடு உள்ளே சென்றிருக்கலாமா? சென்றால் அச்செயலுக்கு உடன்பட்டவராவார் என்று சில மாணவர் கூறுவர். அவர்கள் சொல்வதில் எடையுண்டு. பாதாளத்தில் இறங்கினவரை விசுவாசப் பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடும் ஊழியன் ஒரு முகாமின் வாயிலில் நின்றுவிடலாமோ என்று வேறு சிலர் கேட்பர். அக்காட்சியை மில்லர் எழுதவில்லை. மருத்துவரின் முகத்தில் விழுந்த அடியை எழுதினார்.